மூன்று விசில் வருவதற்குள்

மதுரை வில்லாபுரத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். முட்டி தேய்மானம், தோள்பட்டை இறுக்கம், இடுப்பு வலி, பக்கவாதம் வந்தவர்களுக்கு நடை பழக்குவது, இவைதான் தினப்படி வேலை. மெஷின் வைத்து வலியைக் குறைப்பது பெரிய விஷயமில்லை. சிட்டிங் முடிந்து வீட்டுக்குப் போகிறவர், அங்கே யாரும் சொல்லாமலே தினமும் பத்து நிமிடம் பயிற்சி செய்யும் ஆளாக மாற வேண்டும். கஷ்டமெல்லாம் அதில்தான்.

"எக்சர்சைஸ் செஞ்சீங்களா?" என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான். "செய்யணும்னுதான் நினைக்கிறேன் சிஸ்டர், மனசு வரணுமே."

மனசு வராது. வரும் என்று உட்கார்ந்திருந்தால் முட்டிதான் இன்னும் தேயும். முதலில் இடத்தையும் நேரத்தையும் ஏற்பாடு செய்யுங்கள், மனசு பின்னாலேயே வந்து சேரும் என்பதுதான் என் கட்சி. முட்டிக்குப் பயிற்சி செய்வதற்கு மட்டுமில்லை; புத்தகம் படிப்பது, கோபத்தை அடக்குவது, இரவில் செல்போனைக் கீழே வைப்பது எல்லாவற்றுக்கும் இதே வழியைத்தான் சொல்கிறேன்.

எப்போது, எங்கே, எதற்குப் பின்னால்

2002-ல் இங்கிலாந்தில் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவிடம் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்கு, உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதய நோய் எப்படி வரும் என்று படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவும் அதையே படித்தது. கூடவே, வரும் வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்யப் போகிறேன் என்று ஒரு வரி எழுதியும் கொடுத்தது. எதுவும் சொல்லாத குழுவில் 38 சதவீதம் பேர் பயிற்சி செய்திருந்தார்கள். இதய நோயைப் பற்றிப் படித்தவர்களில் 35 சதவீதம். ஒரு வரி எழுதியவர்களில் 91 சதவீதம்.

இரண்டாவது குழுவைக் கவனியுங்கள். அவர்களுக்கு ஆர்வம் கூடத்தான் செய்தது. கால்தான் நகரவில்லை. வாட்ஸாப்பில் காலை வணக்கத்தோடு வரும் ஊக்க வாசகங்களைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலையாக ஒரு துண்டுத் தாளை எடுங்கள். ஒரே ஒரு பழக்கம்தான். நடையும் வேண்டும், சர்க்கரையையும் குறைக்க வேண்டும், தியானமும் பழக வேண்டும் என்று மூன்றையும் சேர்த்து எழுதிக்கொண்டு வருபவர்களிடம் இரண்டை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். மிஞ்சிய ஒன்றை இப்படி எழுதுங்கள்: "இது முடிந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்."

அந்த முதல் "இது" தான் கொக்கி. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஏதோ ஒன்றில் புதுப் பழக்கத்தை மாட்ட வேண்டும். இதைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"காலையில்" என்பது கொக்கி ஆகாது. காலை என்பது நாலு மணி நேரம் நீள்கிறது. "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம். "சாப்பிட்டதும்" என்பது வீட்டில் சாப்பிடுகிறவர்களுக்குச் சரி. ஒரு நாள் கடையில், ஒரு நாள் வண்டியில் என்று சாப்பிடும் விற்பனைப் பிரதிநிதிக்கு அது உதவாது. நல்ல கொக்கிக்கு ஒரு தெளிவான முடிவு இருக்கும். பல் துலக்கி பிரஷ்ஷை டப்பாவில் போடும் அந்த நொடி. கடை ஷட்டரை ஏற்றிச் சாமிக்குப் பத்தி கொளுத்தி வைத்த நொடி. பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வாசல் கேட்டைச் சாத்தும் நொடி.

முட்டி வலிக்காரப் பெண்களுக்கு நான் கொடுக்கும் கொக்கி குக்கர். அடுப்பில் வைத்துவிட்டால் மூன்று விசில் வரும்வரை எப்படியும் அடுப்படியை விட்டு நகர முடியாது. சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். முதல் விசில் வரை இது, அப்புறம் ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது. மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைத்தால் பயிற்சியும் முடிந்தது. நேரமே இல்லை என்றவர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். விசிலை யாரும் மறக்கப் போவதில்லை. பால் காய்ச்சும்போது செய்யலாமா என்று ஒரு அம்மா கேட்டார். கூடாது. கண்ணை எடுத்தால் பொங்கிவிடும், பயிற்சியும் போகும், பாலும் போகும். கவனம் கேட்கிற வேலை கொக்கிக்கு ஆகாது. சும்மா காத்திருக்க வைக்கிற வேலைதான் தோது.

படுக்கையும் நல்ல இடம். காலையில் கண் விழித்ததும், காலைத் தரையில் ஊன்றும் முன், சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்துக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துவது. துண்டு முந்தைய இரவே தலைமாட்டில் சுருட்டி இருக்க வேண்டும். அலமாரியில் இருந்தால் செய்ய மாட்டீர்கள்.

சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னதாக

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். சர்க்கரை, கூடவே முட்டி வலி. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றித் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கப் போகிறேன் என்றார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒழுங்குபடுத்தியவருக்குத் தன் ஒழுங்கின் மேல் சந்தேகமே இல்லை. நான் அவருக்கு எழுதிக் கொடுத்தது: "காபி டம்ளரை வைத்ததும் ஷூ போட்டுக்கொண்டு கேட் வரை போய் வருவது." அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னம்மா, எல்கேஜி பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்ற?"

ஆனால் கணக்கு எளிதானது. முக்கால் மணி நேர நடைக்கு, மழை பெய்யாத, தூக்கம் கெடாத, விருந்தாளி வராத ஒரு நாள் வேண்டும். கேட் வரை போவதற்கு எதுவும் வேண்டாம். கேட் வரை போனவர் திரும்பி வந்துவிட்டாலும் அன்றைய பங்கு முடிந்தது. பெரும்பாலான நாள் திரும்ப மாட்டார். ஷூ போட்டாயிற்று, தெரு முனைக்குத்தான் போவோமே என்று தோன்றும். நடையைக் கூட்டும் வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். தொடங்கும் வேலையை மட்டும் நாம் பழக்கமாக்கினால் போதும்.

படிப்புக்கும் இதே அளவுதான். அரை மணி நேரம் வாசிப்பேன் என்று எழுதாதீர்கள். ஒரு பக்கம். எழுதிப் பழக நினைத்தால் இரண்டு வரி.

கை எட்டும் தூரம்

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெண்டி வுட் என்ற உளவியலாளரும் சகாக்களும் செய்து 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். சினிமா பார்க்க வந்தவர்களில் சிலருக்குச் சூடான பாப்கார்ன், சிலருக்கு ஒரு வாரத்துக்கு முன் பொரித்துச் சவசவத்துப்போனது. தியேட்டரில் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள், சவசவத்ததையும் சூடானதற்குச் சமமாகத் தின்று தீர்த்தார்கள். நன்றாக இல்லை என்று அவர்கள் வாயே சொல்லியும் கை நிற்கவில்லை. அதே ஆட்களைப் போன்றவர்களை ஒரு சாதாரண மீட்டிங் அறையில் உட்கார வைத்துக் கொடுத்தபோது, பழையதை ஒதுக்கினார்கள். தியேட்டரிலேயே பழக்கமில்லாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோதும் ஒதுக்கினார்கள்.

ஆகவே ஒரு கெட்ட பழக்கத்தோடு மல்லுக்கட்டும்போது, "எனக்கு மன உறுதி இல்லை" என்று நொந்துகொள்வதற்கு முன் இடத்தைப் பாருங்கள். செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்காமல் தூங்க வேண்டுமென்றால் முனிவராகத்தான் பிறக்க வேண்டும். சார்ஜரை ஹாலில் டிவி பக்கத்து பிளக்கில் நிரந்தரமாகச் செருகிவிடுங்கள். அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்குங்கள். நடுராத்திரி எழுந்து ஹாலுக்கு நடக்க வேண்டும் என்ற அந்தச் சின்னச் சோம்பலே உங்கள் காவல்காரன். மிக்சர் டப்பாவைப் பரணில் ஏற்றுவதும் இதே வகை வேலைதான். பரணில் இருப்பதை எடுக்க ஸ்டூல் வேண்டும், ஸ்டூல் மொட்டை மாடியில் இருந்தால் இன்னும் நல்லது.

நல்ல பழக்கத்துக்கு இதைத் திருப்பிப் போடுங்கள். வாசிக்க வேண்டிய புத்தகம் தலையணை மேல். தண்ணீர் குடிக்க வேண்டுமானால் சொம்பு மேஜை மேல், நிறைந்தபடி. தோள்பட்டை இறுகியவர்கள் சுவரில் விரல்களை ஏணி போல ஏற்றிப் பழக வேண்டும். அந்தச் சுவர் குளியலறை வாசலில் இருக்கட்டும், ஈரத் தலையோடு வெளியே வந்ததும் செய்துவிடலாம். விரல் எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள் என்று சொல்லி வந்தேன். வாடகை வீட்டில் ஹவுஸ் ஓனர் சண்டைக்கு வருகிறார் என்றார் ஒரு பெண். அப்புறம் அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார்: ஸ்டிக்கர் பொட்டு. எட்டிய இடத்தில் ஒரு பொட்டு, அடுத்த வாரம் கொஞ்சம் மேலே இன்னொன்று. இப்போது எல்லோருக்கும் அதையே சொல்கிறேன். வலி குறைந்ததா என்று கேட்டால் பதில் நாளுக்கு நாள் மாறும், சுவரில் ஏறும் பொட்டு மாறாது.

எத்தனை நாள் ஆகும்?

21 நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை முடிந்தவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக எவ்வளவு காலம் எடுக்கிறார்கள் என்று கவனித்து 1960-ல் எழுதியதுதான். அவரும் குறைந்தது 21 நாள் என்றுதான் எழுதினார். போகப் போகக் "குறைந்தது" உதிர்ந்துவிட்டது. புது மூக்குக்குப் பழகுவதும் தினமும் நடைக்குப் போவதும் ஒன்றா?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து பார்த்தது. ஒவ்வொருவரும் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்யும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டார்கள். யோசிக்காமலே கை போகும் நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசமோ பயங்கரம்: ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 254 நாள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமாகத்தான் படிந்தது. 21 நாளை விட நம்மூர் மண்டலக் கணக்கான 48 நாளே உண்மைக்குக் கொஞ்சம் பக்கம் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் உதவும் சங்கதி இன்னொன்று. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது கெடவில்லை. இதைச் சொல்லும்போது நோயாளிகளின் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நினைத்துத்தான் பலர் அடியோடு விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை தவறினால், "சரி, வரும் திங்கட்கிழமையிலிருந்து புதுசா ஆரம்பிக்கலாம்" என்று சனி ஞாயிறையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் திங்கட்கிழமை அமாவாசையாக இருக்கும். தவறிய மறுநாளே, அதே கொக்கியில், பாதி அளவாவது செய்துவிடுங்கள். விட்டதை ஈடு கட்டுகிறேன் என்று இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம்; அது தசைப்பிடிப்பில் முடிந்து என்னிடம்தான் கொண்டு வந்து விடும்.

கணக்கு வைக்க ஆப் எதுவும் தேவையில்லை. மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் அடுப்படியில் தொங்கும். பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். பயிற்சி செய்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். பால் கணக்கு பார்க்கும்போது இதுவும் கண்ணில் படும், வீட்டில் மற்றவர்கள் கண்ணிலும் படும். "என்ன பாட்டி, மூணு நாளா புள்ளியைக் காணோம்?" என்று பேரன் கேட்பதற்கு ஈடான ரிமைண்டர் எந்தப் போனிலும் இல்லை.

முதல் சில வாரத்தில் பலன் தெரியவில்லை என்று சலிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தசைப் பயிற்சியில் ஆரம்பத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பிலிருந்து வருவது. இருக்கிற தசையை இன்னும் நன்றாக வேலை வாங்க மூளை கற்றுக்கொள்கிறது. தசை கண்ணுக்குத் தெரியும்படி பெருக வாரங்கள் பல ஆகும். கண்ணாடியில் ஒன்றும் தெரியாத அந்த நாட்களில்தான் உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது. இரண்டாவது வாரமே விட்டுவிடுகிறவர்கள் இது தெரியாமல்தான் விடுகிறார்கள்.

உங்களை நீங்களே என்னவென்று கூப்பிடுகிறீர்கள்

"நான் சின்ன வயசிலேர்ந்தே சோம்பேறி மேடம்." "எங்க குடும்பமே கோபக்காரக் குடும்பம்." "எனக்குப் படிப்பு ஏறாது." இப்படிச் சொல்கிறவரிடம் நான் வாதாடுவதில்லை. சொல்லால் ஒட்டிக்கொண்ட பட்டத்தைச் சொல்லால் பிரிக்க முடிந்து நான் பார்த்ததில்லை. காலண்டரில் புள்ளிகள் ஒரு வரிசை சேரட்டும், அப்புறம் "சோம்பேறி வச்ச புள்ளியா இது?" என்று கேட்பேன். அவர்களிடம் பதில் இருக்காது.

குணத்தை மாற்ற நினைத்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒரு செயலாக அதைச் சுருக்குங்கள். "பொறுமையாக இருப்பேன்" என்று எழுதினால் எப்போது செய்தோம், எப்போது செய்யவில்லை என்றே தெரியாது. நான் எனக்கென்று வைத்துக்கொண்டது "வேற?" என்ற ஒரே கேள்வி. நோயாளி வலியைச் சொல்லி முடித்ததும், பேனாவைத் தொடும் முன், "வேற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். இடுப்பு வலி என்று வந்தவர் அந்த இடைவெளியில்தான், வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருக்கிறார், தினமும் தூக்கி உட்கார வைக்கிறேன் என்று சொல்வார். சிகிச்சையே அங்கே மாறிவிடும். தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்காமல் இடுப்புக்கு மட்டும் மெஷின் வைத்து என்ன பயன்? இப்போது வீட்டிலும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லி நிறுத்தும்போது, என்னை அறியாமலே, "வேற?"

கோபத்துக்கும் இதே முறைதான். எந்த இடத்தில், யார் என்ன சொன்னால் கிளம்புகிறது என்று முதலில் பாருங்கள். கடையில் சில்லறை கேட்டுச் சண்டை வருகிறதென்றால், "சில்லறை இல்லையா என்று யாராவது கேட்டால் முதலில் கல்லாவைத் திறப்பேன்" என்று எழுதுங்கள். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் வாய் ஒரு கணம் பிந்தும். அந்த ஒரு கணம்தான் நமக்கு வேண்டியது.

ஊருக்குப் போகும்போது

பழக்கம் உடைவது பெரும்பாலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேட்டி மில்க்மன் குழுவினர், விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும்படி செய்து பார்த்தார்கள். கதைக்காகவே ஆட்கள் வந்தார்கள். பிடித்ததையும் செய்ய வேண்டியதையும் சேர்த்துக் கட்டுவது நல்ல உத்தி. இளையராஜா பாட்டை நடைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆய்வில் பண்டிகை விடுமுறை வந்ததும் வித்தியாசம் கரைந்துபோனது.

ஆகவே பையைக் கட்டும்போதே மாற்றுக் கொக்கியை முடிவு செய்யுங்கள். மாமியார் வீட்டில் குக்கர் உங்கள் கையில் இருக்காது. பல் துலக்குவது எந்த ஊரிலும் இருக்கும், அங்கே மாட்டுங்கள். திரும்பி வந்த முதல் நாள், பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு தடவை செய்துவிடுங்கள். வீடு மாறினால், வேலை மாற்றலானால், பழைய கொக்கிகள் எல்லாம் ஒரே நாளில் அறுந்துவிடும். நல்ல பழக்கத்துக்கு அது ஆபத்து. கெட்ட பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கோ அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. புது வீட்டில் சார்ஜர் எந்த அறையில் என்பதைச் சாமான் இறங்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

அளவைக் கூட்டுவது

விசில் சத்தம் கேட்டதும் குதிகால் தானாக எழும்புகிறது, செய்யாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது என்ற நிலை வரும். அதற்குப் பிறகே எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பத்து என்றால் பன்னிரண்டு, அடுத்த வாரம் பதினைந்து. இரண்டாவது பழக்கத்தைத் தொடங்குவதும் அப்போதுதான், அதுவும் வேறொரு கொக்கியில்.

முட்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம். முடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் அந்த வலி தங்கினால் மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள். வீக்கமோ சூடோ தெரிந்தால் நிறுத்திவிட்டு நேரில் வந்து காட்டுங்கள். வரும்போது அந்தக் காலண்டர் தாளையும் கழற்றி எடுத்து வந்தால் எனக்கு வசதி.